எடின்பரோச் சபையில் நுளம்பின் வழக்கு

விஞ்ஞானி ஒருவரைச் சித்திரிக்க முற்படுவோர், தனியறையில் விளக்கொளியில் நுணுக்குக்காட்டியின்மேற் குனிந்திருக்கும் மனிதனையே பெரும்பாலும் தீட்டுவர். அச்சித்திரம் பொய்யன்று, ஆயினும் அது பாதிச் சித்திரமே. தனியறையிற் கண்டதை அவர் எழுதிவைத்தல் வேண்டும். எழுதியதை அத்துறையில் உழைக்கும் பிறர் கேட்டல் வேண்டும். கேட்டவர்கள் ஐயுற்று, வினவி, தம் கையாலே மீண்டும் செய்துபார்த்தல் வேண்டும். இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே ஒருவர் கண்ட காட்சி எல்லார்க்கும் உரிய அறிவாகின்றது. இவ்வேலை நடைபெறுதற்கென ஏற்பட்டவையே விஞ்ஞான சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களும், அக்கூட்டங்களில் துறைதோறும் வகுக்கப்பெற்ற பிரிவுகளுமாம்.

இப்பிரிவுகளின் அலுவல்களை அறிக்கையிற் படிப்பவர்க்கு அவை உப்புச்சப்பற்றனவாகவே தோன்றும். தலைவர் ஒருவர், உபதலைவர்கள் சிலர், செயலாளர்கள் இருவர் தெரியப்படுவர். தலைவர் தம் உரையை வாசிப்பார். பின்னர் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும். வரவியலாதவரின் கட்டுரையை வேறொருவர் வாசிப்பார். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மாதிரிகள் பக்கத்து மேசையில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்டிருக்கும். விவாதம் நடைபெறும், நன்றித் தீர்மானம் நிறைவேறும், மறுநாள் எல்லாரும் புகைவண்டி ஏறுவர். உலகத்தில் எத்தனையோ கோடி மக்களின் உயிரோடு தொடர்புடைய ஒரு வழக்கு இத்தகைய கூட்டங்களிலேயே இருபது ஆண்டுக்காலமாக நடந்து தீர்ந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது நுளம்பு.

அக்காலத்தில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவருக்கு முதற்கண் இருந்த இடர் யாதெனில், அவருக்கெனச் சபை ஒன்று இல்லாமையே. 1831ஆம் ஆண்டில் யோர்க் நகரில் தோன்றிய விஞ்ஞான வளர்ச்சிக்கான பிரித்தானிய சங்கத்தில் விலங்கியலுக்குப் பிரிவு உண்டு. 1832இல் வூஸ்டர் நகரிற் சார்ள்ஸ் ஹேஸ்டிங்ஸ் என்னும் வைத்தியர் தொடங்கிய சங்கமே பின்னர் பிரித்தானிய வைத்திய சங்கம் எனப் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் வெவ்வேறு நகரிற் கூடும் அச்சங்கத்தில் மருந்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் பிரிவுகள் உண்டு. மனிதனின் இரத்தத்தில் வாழும் புழுவைக் கண்டவர் எங்கே செல்வது? விலங்கியலார் அது வைத்தியரின் விடயம் என்பர். வைத்தியரோ அது புழுப் பிடிப்போரின் விடயம் என்பர். இவ்விரு வாயில்களுக்கும் நடுவே நீண்டகாலம் நின்றவர் பற்றிக் மான்சன் என்பவர்.

மான்சன் ஸ்கொத்லாந்து தேசத்தவர். 1844இல் அபடீன் பகுதியிற் பிறந்தவர். சீனச் சுங்கப் பகுதியில் வைத்தியராக அமர்ந்து, முதலிற் போர்மோசாத் தீவிலும் பின்னர் சீனக் கரையிலுள்ள அமோய்த் துறையிலும் பணியாற்றினார். அங்கே யானைக்கால் நோயாளர் மிகப் பலர். அந்நோய்க்குக் காரணமான பைலேரியாப் புழுவின் குஞ்சுகள் நோயாளியின் இரத்தத்தில் திரிவதை அவர் கண்டார். அவை இரவில் மிகுந்தும் பகலில் அருகியும் காணப்படுவதையும் பின்னர் கணக்கிட்டு அறிந்தார். இக்குஞ்சுகள் இரத்தத்தில் வளர்வதில்லை. வளர்வதற்கு வெளியே செல்லுதல் வேண்டும். இரத்தத்தை விட்டு வெளியேறத் தமக்குக் காலோ வாயோ இல்லாதவற்றை வெளியே எடுத்துச் செல்வது யார்? இரவில் வந்து இரத்தம் குடிக்கும் நுளம்பே என்று அவர் கருதினார்.

1877இல் அவர் செய்த பரிசோதனை எளியது. பைலேரியா நோயுடைய ஹின் லோ என்னும் தம் பணியாளரை நுளம்புகள் நடுவே உறங்கச் செய்தார். காலையில் இரத்தம் குடித்துப் பருத்த நுளம்புகளைப் பிடித்துக் குப்பிகளில் அடைத்து, நாள்தோறும் சிலவற்றை அறுத்துப் பார்த்தார். குஞ்சுகள் தம் உறையைக் கழற்றிவிட்டு, வயிற்றை விட்டு நீங்கி, நுளம்பின் மார்புத் தசையிற் புகுந்து வளர்ந்தன. மனித நோய் ஒன்றின் ஒட்டுண்ணி பூச்சியொன்றின் உடலில் வளர்வதை மனிதன் கண்டது அதுவே முதன்முறை.

அக்கட்டுரை 1878இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் மான்சன் அல்லர். புழுக்களைப் பற்றி அக்காலத்திற் பெரும் புலமை வாய்ந்தவராகிய ஸ்பென்சர் கொபோல்ட். எழுதியவரோ ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். கேட்டவர்களில் நுளம்பை அறுத்துப் பார்த்தவர் ஒருவரும் இலர். குஞ்சுகள் இரவில் வந்து பகலில் மறைகின்றன என்று பின்னர் அறிவிக்கப்பட்டபொழுது, அவை கைக்கடிகாரமும் வைத்திருக்கின்றனவோ என்று யாரோ கேட்டதாகக் கதை ஒன்று வழங்குகின்றது. நகைத்தவர்களாற் கேடு அதிகம் விளையவில்லை. கேடு விளைத்தது அக்கட்டுரையில் இருந்த ஒரு பிழை.

நுளம்பு முட்டையிட்டவுடன் நீரில் விழுந்து சில நாளிலே இறந்துபோகும் என்று அக்காலத்தார் நம்பினர். மான்சனும் அதை நம்பினார். அவருடைய குப்பிகளில் நுளம்புகள் உணவின்றி விரைவில் மாண்டமையும் அந்நம்பிக்கையை உறுதிப்படுத்திற்று. ஆகவே புழுக்கள் நுளம்பின் பிணத்திலிருந்து நீரிற் கலக்கின்றன என்றும், அந்நீரைக் குடிப்பதால் மனிதன் நோயுறுகிறான் என்றும் அவர் முடிவு செய்தார். நுளம்புக்குச் சிறிது பழமோ இனிப்போ கொடுத்தால் அது வாரக்கணக்கில் வாழும் என்பதையும், ஒருமுறை கடித்த நுளம்பு மீண்டும் கடிக்கும் என்பதையும் எடுத்துச் சொல்வதற்கு அச்சபையில் ஒருவர் இருந்திருப்பாராயின் வரலாறு வேறாகியிருக்கும். எவரும் இல்லை. பிழை அச்சேறிற்று, அச்சேறியபின் உண்மைகளுக்கு உள்ள மதிப்பு முழுவதையும் அது பெற்றுக்கொண்டது.

இனி மலேரியாவுக்கு வருவோம். குளிரும் நடுக்கமுமாக வந்து, வேர்த்து விட்டு, முறைவைத்து மீண்டும் வரும் அக்காய்ச்சலைச் சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றின் விளைவென்று மேல்நாட்டார் நெடுங்காலம் கருதினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதாம். 1880 நவம்பர் 6ஆந் திகதி அல்சீரியாவிற் கொன்ஸ்தந்தீன் நகரில், பிரெஞ்சுப் படை வைத்தியராகிய அல்போன்ஸ் லவெரான் காய்ச்சற்காரர் ஒருவரின் இரத்தத்தை நோக்கிக்கொண்டிருந்தார். கருநிறப் பொடிகளைக் கொண்ட உருண்டை ஒன்றிலிருந்து மெல்லிய இழைகள் திடீரெனப் புறப்பட்டுச் சவுக்குப்போல் அசைந்தன. அவை உயிருள்ளவை என்பதில் ஐயமில்லை. மலேரியாவின் ஒட்டுண்ணி அவ்வாறு வெளிப்பட்டது. ஆனால் அவ்விழைகளின் பயன் யாது என்பதில் அறிஞர் இரு கட்சியாயினர். அவை ஒட்டுண்ணியின் சாவு நடுக்கமே என்று இத்தாலிய அறிஞர் பலர் வாதித்தனர்.

பின்னர் லண்டனில் அமர்ந்த மான்சன், இரத்தம் உடலை விட்டு வெளியேறிச் சிறிது நேரம் சென்ற பின்னரே இழைகள் தோன்றுகின்றன என்பதிற் கருத்தைச் செலுத்தினார். உடலுக்கு வெளியே தோன்றுவது உடலுக்கு வெளியே செய்யவேண்டிய வேலைக்காகவே இருத்தல் வேண்டும் அன்றோ? பைலேரியாவை வெளியே கொண்டுசென்ற நுளம்பே இதனையும் கொண்டுசெல்கின்றது என 1894 டிசெம்பரில் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் எழுதினார். கருத்து அரியது. ஆனால் அமோய்ப் பிழையும் அதனுடன் சேர்ந்தே வந்தது: இழைகளே நுளம்பில் வளரும் வித்துக்கள், நுளம்பு நீரிற் சாகும், மனிதன் அந்நீரைக் குடிப்பான்.

இக்கருத்தைத் தம் வாழ்நாள் வேலையாக ஏற்றவர் றொனால்ட் றொஸ். 1857இல் இமயமலைச் சாரலில் அல்மோறாவிற் பிறந்த இவர், 1881இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து சென்னை மாகாணத்துப் படைகளுடன் பல இடங்களிற் பணியாற்றியவர். கவிதையும் கணிதமும் நாவலும் எழுதியவர். 1894இல் விடுமுறையில் லண்டன் சென்றபோது மான்சன் அவருக்கு ஒட்டுண்ணியைக் கண்ணாரக் காட்டினார். அதுவரை லவெரானின் கூற்றையே நம்பாதிருந்த றொஸ், 1895இல் மான்சனின் கருத்தைச் சோதிக்கும் உறுதியோடு இந்தியா திரும்பிச் செகந்தராபாத்தில் அமர்ந்தார்.

அவர் முதலிற் செய்தது என்ன? நோயாளியைக் கடித்த நுளம்புகள் மாண்டு கிடந்த நீரைச் சுகதேகிகள் சிலருக்குப் பணம் கொடுத்துக் குடிக்கச் செய்தார். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது, பிறருக்கு வரவில்லை, வந்த காய்ச்சலும் எதனால் வந்ததெனத் துணிய இயலவில்லை. 1878இல் ஒருவரும் மறுத்துக் கேளாத பிழை, பதினேழு ஆண்டு கழித்துச் செகந்தராபாத்தில் ஏழை மனிதர் சிலரின் வாயில் நீராக ஊற்றப்பட்டது. தவறு செய்தவர் நேர்மையற்றவர் அல்லர், செய்வித்தவரும் அல்லர். அவர்களைத் திருத்துதற்குரிய சபைதான் இருக்கவில்லை.

றொஸ் அறுத்துப் பார்த்த நுளம்புகள் எண்ணற்றவை. அவையாவும் சாம்பல் நிறத்தனவும் கோடுடையனவுமாகிய சாதாரண நுளம்புகள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. 1897இன் முற்பகுதியில் அவர் நீலகிரி சென்று, மலையடிவாரத்துச் சீகூர்ப் பள்ளத்தாக்கிற் சுற்றியபொழுது தாமே மலேரியாவாற் பீடிக்கப்பட்டார். சிறகிற் புள்ளிகளையுடைய வேறொரு சாதி நுளம்பை அங்கே கண்டு, அது சுவரில் இருக்கும் பாங்கும் புதிதாயிருப்பதைக் குறித்துக்கொண்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அத்தகைய புள்ளிச் சிறகு நுளம்புகள் சில செகந்தராபாத்தில் அவர் கைக்குக் கிடைத்தன.

ஓகஸ்ட் 16ஆந் திகதி, குசேன் கான் என்னும் மலேரியா நோயாளியை வலைக்குள்ளே படுக்கவைத்து, அந்நுளம்புகளை உள்ளே விட்டனர். பத்து நுளம்புகள் கடித்தன. கடித்த நுளம்பு ஒன்றுக்கு ஓரணா கூலி. ஆகவே குசேன் கானுக்குப் பத்தணா கிடைத்தது. அடுத்த நாட்களிற் சில நுளம்புகள் தாமாகவே மாண்டன, சில அறுக்கப்பட்டன. பயன் ஒன்றும் இல்லை. 20ஆந் திகதி எஞ்சியவற்றுள் ஒன்றை எடுத்தார். வெப்பம் தாங்கொணாதது, விசிறி ஆட்டினால் அறுத்த நுளம்பு பறந்துவிடும் என்பதற்காகப் பங்காவையும் நிறுத்திவைத்திருந்தார். நெற்றியினின்று வடிந்த வியர்வையால் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. அதன் கண்ணாடியிலும் விரிசல். உறுப்புறுப்பாக நோக்கி முடித்து வயிற்றுச் சுவருக்கு வந்தபொழுது, அதில் வட்டமான கலங்கள் சில தென்பட்டன. நுளம்பின் வயிற்றில் அத்தகைய கலம் இருத்தல் இயல்பன்று. அவற்றினுள்ளே மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கருநிறப் பொடி இருந்தது. மறுநாள் இறுதி நுளம்பை அறுத்தார். அதிலும் அக்கலங்கள் இருந்தன, முன்னாளிலும் பருத்திருந்தன. ஆகவே அவை உயிருடன் வளர்கின்றன.

அதே ஓகஸ்ட் மாதத்தில், உலகின் மறுபுறத்தே, கனடாவின் தொரொன்ரோ நகரில் விஞ்ஞான வளர்ச்சிக்கான பிரித்தானிய சங்கம் தன் ஆண்டுக் கூட்டத்தை நடத்திற்று. அங்கே வில்லியம் மக்கலம் என்னும் இளைஞர் ஒரு செய்தியை அறிவித்தார். இவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியக் கல்லூரியைச் சார்ந்தவர், வயது இருபத்துமூன்று. காகங்களின் இரத்தத்தில் வாழும் மலேரியாவையொத்த ஒட்டுண்ணியை அவர் நோக்கிக்கொண்டிருந்தபோது, லவெரான் கண்ட இழைகளிலொன்று கழன்று நீந்திச் சென்று, இழையற்ற வேறோர் உருண்டையிற் புகுந்து ஒன்றாயிற்று. இழைகள் சாவு நடுக்கமும் அல்ல, வித்துக்களும் அல்ல. அவை ஆண் அணுக்கள். இத்தாலியர் கூறியதும் தவறு, மான்சன் கூறியதும் தவறு என்பதை மாணவப் பருவம் நீங்காத ஓர் இளைஞர் பெரியோர் அவையில் எழுந்து கூறினார், கேட்டனர். ஆண்டுக் கூட்டங்களின் பெருமைகளுள் இது ஒன்று. றொஸ் கண்ட கலம் எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கு விளக்கம், றொஸ் அறியாமலே, அம்மாதத்திலேயே கிடைத்துவிட்டது.

றொஸின் கட்டுரை 1897 டிசெம்பர் 18இற் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. அதனுடன் மான்சனும் வேறு அறிஞர் சிலரும் அம்மாதிரிகளைத் தாம் நோக்கியறிந்ததை எழுதிச் சேர்த்திருந்தனர். இரண்டே நுளம்புகளிற் கண்ட காட்சிக்கு இத்தனை சாட்சிகள் ஏன் என்று கேட்கலாம். மான்சன் இருபது ஆண்டிற் கற்ற பாடம் அது.

றொஸோ அதற்குள் செகந்தராபாத்தில் இல்லை. செப்டெம்பர் மாதத்திலே அவரை இராசபுத்தானத்துக் கேர்வாறாவுக்கு மாற்றிவிட்டனர். அவர் தேடிய காய்ச்சல் அங்கே அரிது. திறவுகோல் கையிற் கிடைத்த கணத்திலே கதவைப் பிடுங்கிச் சென்றதுபோன்ற செயல் அது. மான்சன் லண்டனிலிருந்து அதிகாரிகளுக்கு இடைவிடாது எழுதினார், மற்றோரும் முயன்றனர். ஆறு மாதகால விசேட கடமை அளிக்கப்பெற்று, 1898 பெப்ருவரியில் றொஸ் கல்கத்தா சேர்ந்தார்.

கல்கத்தாவில் அவ்வமயம் பிளேக் நோயின் அச்சம். ஊசி குத்துவோர் வருகின்றனர் என்ற பீதியில் நோயாளர் ஒருவரும் இரத்தம் கொடுக்க முன்வரவில்லை. றொஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். சிட்டுக்குருவிகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு. அவ்வொட்டுண்ணி சாம்பல் நிற நுளம்பில் வளர்வதைக் கண்டார். பிறகு அவர் செய்த பரிசோதனை, கணிதம் பயின்ற மனம் ஒன்றன் வேலை என்பதை உடனே உணர்த்துவது. ஒட்டுண்ணி மிகுந்த குருவியை ஒரு கூட்டம் நுளம்புகளும், ஒட்டுண்ணி குறைந்த குருவியை ஒரு கூட்டமும், நோயற்ற குருவியை ஒரு கூட்டமும் கடிக்கச் செய்தார். கூட்டத்துக்குப் பத்து நுளம்புகளை அறுத்துக் கலங்களை எண்ணினார். முதற் பத்தில் 1009; இரண்டாம் பத்தில் 292; மூன்றாவதில் ஒன்றுமில்லை.

யூலை 4ஆந் திகதி எஞ்சியிருந்த புதிரும் அவிழ்ந்தது. முற்றிய கலங்கள் வெடித்து, அவற்றினுள்ளிருந்த நுண்ணிய கோல்கள் நுளம்பின் உடலெங்கும் பரவி, முடிவில் தலைப்பக்கத்திலுள்ள சுரப்பி ஒன்றன் கலங்களிற் செறிந்து கிடந்தன. அச்சுரப்பியின் குழாய் எங்கே செல்கின்றது என்று பின்தொடர்ந்தார். அது நுளம்பின் ஊசிவாய்க்குச் சென்றது. உமிழ்நீர்ச் சுரப்பி அது! குடிநீரும் தூசியும் கெட்ட காற்றும் வேண்டியதில்லை, கடித்தலே போதும். நோயற்ற குருவிகள் 28ஐ அத்தகைய நுளம்புகளாற் கடிக்கச் செய்தார். 22 குருவிகள் நோயுற்றன. றொஸ் மான்சனுக்குத் தந்தி அடித்தார்.

தந்தி சென்ற காலம் வாய்ப்பானது. பிரித்தானிய வைத்திய சங்கம் அவ்வாண்டு எடின்பரோவிற் கூடியது. சங்கத்தின் வரலாற்றில் முதன்முறையாக உஷ்ணவலய நோய்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் பற்றிக் மான்சன். புழுவுக்கும் காய்ச்சலுக்கும் இடையே வாயிலற்று நின்ற கல்விக்கு இருபது ஆண்டுகளின் பின் ஒரு மேசையும் நாற்காலிகளும் கிடைத்தன என்க.

யூலை 28ஆந் திகதி மான்சன் அப்பிரிவில் எழுந்து, நுளம்பையும் மலேரியா ஒட்டுண்ணியையும் பற்றிய றொஸின் வேலையை ஆதியோடந்தமாக எடுத்துரைத்தார். கருநிறக் கலம், எண்ணிக்கை, கோல்கள், உமிழ்நீர்ச் சுரப்பி, நோயுற்ற குருவிகள் என ஒவ்வொன்றாகச் சபையின்முன் வந்தது. எதிரே இருந்தோர் இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் காய்ச்சற்காரரோடு காலம் கழித்தவர்கள்; நுணுக்குக்காட்டியை அறிந்தவர்கள். அவ்வவையினர் றொஸைப் பாராட்டினர். 1878இல் லின்னேயன் சங்கத்துக்குச் சென்ற கட்டுரையும் எழுதியவர் இல்லாமலே வாசிக்கப்பட்டது. எடின்பரோவிலும் றொஸ் இல்லை. ஆனால் இம்முறை வாசித்தவர் அவ்வேலையின் ஒவ்வொரு படியையும் கடிதவாயிலாக உடனிருந்து அறிந்தவர். கேட்டவரும் வினவத் தெரிந்தவர்.

அன்று கூறப்பட்டதற்கு எல்லையும் இருந்தது. குருவிக்கு நிறுவப்பட்டது மனிதனுக்கும் நிறுவப்பட்டதாகாது. மனிதனில் அதை நிறுவுதற்கு றொஸுக்கு அவகாசம் அளிக்கப்படவில்லை. காலா அசார் என்னும் கறுங்காய்ச்சலை ஆராயுமாறு அவரை அசாமுக்கு அனுப்பிவிட்டனர். அவ்விடைவெளியில் இத்தாலியர் புகுந்தனர். விலங்கியற் பேராசிரியராகிய கிராசியும், பிஞ்ஞாமி, பஸ்தியனெல்லி என்னும் வைத்தியர்களும் 1898இன் இறுதியில், அனோபெலிசு என்னும் இனத்து நுளம்புகளே மனித மலேரியாவைப் பரப்புவன என்று உரோமாபுரியில் நிறுவிக் காட்டினர். றொஸ் கண்ட புள்ளிச் சிறகு நுளம்பும் அவ்வினத்ததே. ஆனால் றொஸ் விலங்கியல் பயின்றவர் அல்லராதலின் அதற்கு இனப்பெயர் சொல்லவில்லை; புள்ளிச் சிறகு என்பதோடு நிறுத்திவிட்டார். முதலிற் கண்டவர் யார் என்ற பூசல் இதிலிருந்தே முளைத்து, இருவரும் இறக்கும்வரை ஓயவில்லை. நுளம்பு நூல் வல்லார் ஒருவர் 1897இல் அவர் பக்கத்தில் இருந்திருப்பாரேல் அப்பூசலிற் பாதி எழுந்திராது. ஆயினும் குருவிகளில் நோயின் முழுச் சுற்றையும் முதலில் நிறுவியவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லாதவாறு, 1898 யூலை 28 என்னும் திகதி எடின்பரோ அலுவற் பதிவில் நின்றது. 1902இல் நோபெல் பரிசு றொஸுக்கு வழங்கப்பட்டது, லவெரானுக்கு 1907இல்.

பொதுமக்களின் ஐயம் நீங்க இன்னொன்று தேவைப்பட்டது. 1900ஆம் ஆண்டில், உரோமாபுரியில் மலேரியா நோயாளியைக் கடித்த நுளம்புகளைக் கூட்டில் அடைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தனர். மலேரியா இல்லாத அந்நகரிலே அந்நுளம்புகளின் கடிக்குத் தம் கையை நீட்டியவர் மான்சனின் மகன், வைத்திய மாணவராகிய தர்பேர்ண் மான்சன். செப்டெம்பரில் அவருக்குக் காய்ச்சல் கண்டது; இரத்தத்தில் ஒட்டுண்ணியும் காணப்பட்டது. ஹின் லோவின் உடலையும் குசேன் கானின் உடலையும் கொண்டு தொடங்கிய வேலைக்கு ஆராய்ச்சியாளரின் சொந்த வீட்டிலிருந்தும் ஓர் உடல் கொடுக்கப்பட்டது என்பதைக் குறித்தல் தகும்.

அமோய்ப் பிழை என்னவாயிற்று? மலேரியாவின் வழி தெளிந்தபின் பைலேரியாவைப் பற்றியும் மறுவிசாரணை எழுந்தது. அவுஸ்திரேலியாவில் தோமஸ் பான்குரொப்ற் என்பவர் நுளம்புகளுக்கு வாழைப்பழம் கொடுத்து வாரக்கணக்கில் உயிருடன் வைத்திருக்கலாம் எனக் காட்டினார். அவ்வாறு வளர்த்த நுளம்புகளை மதுசாரத்திலிட்டு லண்டனுக்கு அனுப்ப, மான்சனிடம் பயின்ற ஜோர்ஜ் லோ அவற்றை மெல்லிய தகடுகளாகச் சீவி நோக்கினார். நீரில் விழுந்து கலக்கக் காத்திருப்பதாக மான்சன் கூறிய புழு, நுளம்பின் ஊசிவாயினுள்ளே நீட்டிப் படுத்திருந்தது. 1900 யூன் மாதத்தில் அச்செய்தி அச்சேறிற்று. தமது கொள்கையைத் தம் மாணவரே தகர்த்ததை மான்சன் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டு நிலைத்த பிழை, கூடிப் பேசுவதற்கு அவை ஒன்று ஏற்பட்ட இரண்டாண்டுக்குள் நீங்கிற்று.

அதே ஆண்டில் இதனையே திருவிதாங்கூரிலிருந்து தனித்துக் கண்டறிந்தவர் ஜேம்ஸ் என்னும் இந்திய வைத்திய சேவை அதிகாரி. இப்பெயர் நமது நாட்டுக்கும் உரியது. 1913இல் தலைமன்னார்த் துறையின் மலேரியாவை ஆராய்ந்து, குணசேகர என்னும் இலங்கை வைத்தியருடன் சேர்ந்து அறிக்கை அளித்தவர் அவரே. இராமேசுவரத்திலிருந்து கடல்கடந்து வரும் தொழிலாளரும் பயணிகளும் இறங்குதற்குரிய அத்துறையில், நுளம்பு எங்கே பெருகுகின்றது என்ற கேள்வியே முதற்கேள்வியாயிற்று. அக்கேள்வியைக் கேட்கக் கற்பித்தது செகந்தராபாத்தும் எடின்பரோவும் என்பதை அறிக்கை படிப்போர் நினைப்பதில்லை.

கேள்வி தெரிந்திருத்தல் மட்டும் போதாது என்பதை இலங்கை 1934, 35ஆம் ஆண்டுகளிற் கண்டது. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணற்படுகைகளிற் குட்டங்குட்டமாக நீர் தேங்கியது. தெளிந்த நீரில் வாழும் அனோபெலிசு இனத்து நுளம்பொன்று அங்கே அளவின்றிப் பெருகிற்று. வழக்கமாக மலேரியா காணாத தென்மேற்குப் பகுதி மக்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் மடிந்தனர். 1963இல் நாடு முழுவதும் பதினேழு நோயாளரே காணப்படும் அளவுக்கு அந்நோய் ஒடுங்கி, கவனம் தளர்ந்தமையால் அப்பத்தாண்டின் இறுதியில் மீண்டும் தலையெடுத்தது. உள்நாட்டிற் பரவிய இறுதி மலேரியா 2012 ஒக்டோபரிற் பதிவாயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டில் யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. மான்சனின் இரு வழக்குகளுக்கும் ஒரே ஆண்டிற் சான்றிதழ் பெற்ற நாடு இது.

1907இல் உஷ்ணவலய வைத்தியத்துக்கெனத் தனிச் சங்கமே லண்டனில் நிறுவப்பட்டது. முதற்றலைவர் மான்சன், அவருக்குப்பின் தலைமை ஏற்றவர் றொஸ். பிற்காலத்தில் அவ்விருவரின் நட்பும் முறிந்துபோயிற்று. அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

எடின்பரோவிற் கூடியோரின் பெயர்கள் சஞ்சிகைகளில் இருக்கின்றன. குசேன் கானின் பெயர், றொஸ் எழுதிவைத்தமையால் எஞ்சியது. கல்கத்தாவில் நுளம்பு பிடித்தும், குருவிகளைப் பேணியும், வலைகளைக் கட்டியும் றொஸுக்கு உதவியவர் முகம்மது பக்ஸ். 1898இல் அவ்வாய்வுகூடத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் உள்ளது. அதில் றொஸும் அவர் மனைவியும் முகம்மது பக்ஸும் வேறிரு பணியாளரும் காணப்படுகின்றனர். முன்னே பறவைக் கூடுகள்.